யாருக்கு விளக்குவது? பல பண்பாட்டு வாழ்வும் எழுத்துத் தொழிலும்

மாணவர் சிறுகதைகளை மதிப்பிட அமரும்போதெல்லாம் நம் கண்ணில் ஒரு திண்ணை தட்டுப்படுகிறது. கதை நடப்பது அடுக்குமாடி வீடொன்றின் 12ஆம் தளத்தில். மின்தூக்கி வந்து நிற்கிறது. கதவோரம் காலணி அடுக்கு இருக்கிறது. தாத்தா மட்டும் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போடுகிறார். எழுதிய மாணவர் திண்ணையைப் பார்த்தவர் அல்லர். பாடநூல்களிலும் திரைப்படங்களிலும் தமிழ்த் தாத்தாக்கள் அங்கேதான் அமர்ந்திருக்கிறார்கள் என்பதால் தம் தாத்தாவையும் அங்கே கொண்டுபோய் அமர்த்திவிட்டார். அந்தத் தாத்தா உண்மையில் மாலை வேளைகளில் புளோக்கின் கீழ்த்தளத்தில், சீன முதியவர்கள் காய் நகர்த்துவதை வேடிக்கை பார்ப்பவராக இருக்கலாம். அவர்களோடு சந்தை மலாயில் வாதிடுபவராகவும் இருக்கலாம். மாணவர் அதை நன்கு அறிவார். அது தமிழ்க் கதைக்குள் வரத் தக்கது என்றுதான் அவருக்குத் தெரியாது.

எழுத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளையர் நம்மிடம் வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். எழுதிப் பிழைக்க முடியுமா என்பது ஒன்று. எந்த மொழியில் எழுதுவது என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. எனினும் அவற்றுக்கு முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டென நாம் கருதுகிறோம். பல மொழிகளுக்கும் பல வழக்கங்களுக்கும் நடுவே வாழ்கின்ற ஒருவர் எழுத உட்காரும்போது, தம் வாழ்க்கையை யாருக்கு விளக்குகிறார்? யாருக்கு விளக்கத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்? இந்தத் தேர்வே அவருடைய மொழியையும் வாசகரையும் பெருமளவுக்குத் தொழிலையும் தீர்மானிக்கிறது. நம் வட்டாரத்தோடு தொடர்புடைய எழுத்தாளர் மூவரின் வாழ்க்கையைக் கொண்டு இதனை ஆராயலாம். ஒருவர் மலாயில் எழுதினார், ஒருவர் தமிழில், ஒருவர் ஆங்கிலத்தில். மூவர் குடும்பத்திலும் தமிழ் இருந்தது.

மலாக்காவில் ஒரு தமிழ் மாணவர்

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தார். தந்தைவழிக் கொள்ளுப்பாட்டனார் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து சமயக் கல்வி புகட்டிய அரபியர். அங்கேயே மணம் புரிந்துகொண்டார். அவருடைய மக்களுள் ஒருவர் மலாக்காவுக்கு வந்து, சேகு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். தம் பாட்டியாரான அந்த அம்மையாரின் பெயரை அப்துல்லா தம் நூலில் 'பெரி ஆச்சி' என்று குறித்துவைத்துள்ளார். ஜாவி எழுத்தில் அச்சான மலாய் நூல் ஒன்றினுள் நம் ஊர்ப் பெரியாச்சி ஒருவர் இருக்கிறார் என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

குர்ஆன் ஓதக் கற்ற பின்னர், சிறுவன் அப்துல்லாவைத் தந்தையார் தமிழாசிரியர் ஒருவரிடம் அனுப்பினார். இரண்டரை ஆண்டுகள் அவர் தமிழ் கற்றார். மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கமென்றும், கணக்கெழுதவும் வணிகர்களோடு உரையாடவும் அது பயன்பட்டதென்றும் அவரே எழுதியுள்ளார். "தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்வியை ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் ஆசிரியப் பெருமக்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். இந்த நீரிணையின் கரையில் வேலைக்காகவே தமிழ் கற்ற காலமும் ஒன்று இருந்தது.

பின்னர் அவர் மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடம் இந்துஸ்தானி கற்றார். அவர்களுக்குச் சமய நூல் ஓதக் கற்பித்தார். 'முன்ஷி', அதாவது ஆசிரியர், என்ற பட்டம் அவர்கள் வாயிலிருந்து வந்ததே. 1811இல் ஜாவா மீது ஆங்கிலேயர் படையெடுப்பதற்கு முன், மலாக்காவில் தங்கியிருந்த ராஃபிள்ஸின் அலுவலகத்தில் மலாய்க் கடிதங்களையும் சுவடிகளையும் படியெடுக்கும் எழுத்தராகப் பணியாற்றினார். கிறித்துவப் போதகர் மில்னிடம் ஆங்கிலம் பயின்றார். போதகர்களுக்கு மலாய் கற்பித்தார். அவர்களது மொழிபெயர்ப்புகளுக்கு உதவினார். அச்சுக்கலையும் அவர்களிடமே கற்றார். சிங்கப்பூரில் ஆங்கிலேய வணிகர்களும் அதிகாரிகளும் அவரிடம் மலாய் பயின்றனர். 1835இல் தமிழறிந்த நண்பர் ஒருவரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார்.

இந்தப் பட்டியலை ஒரு தொழில்முறை எழுத்தாளரின் பணி வரலாறாகவே படிக்க வேண்டும். எழுத்து அவருக்குச் சோறு போட்டது. ஆனால் நெடுங்காலம் அது பிறருடைய எழுத்து. பிறர் கடிதம், பிறர் வேதம், பிறர் கதை. தம் சொந்த எழுத்துக்கு அவர் வந்து சேர்ந்தது 40 வயதைக் கடந்த பின்னரே. 1838இல் கிளந்தானுக்குக் கடல்வழிப் பயணம் சென்று, அங்கே கண்டவற்றை எழுதினார். அதைக் கண்ட அமெரிக்கப் போதகர் ஆல்ஃப்ரட் நார்த், உம் வாழ்க்கையையும் இப்படியே எழுதலாமே என்று தூண்டினார். 1843இல் எழுதி முடித்த 'ஹிகாயத் அப்துல்லா' 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது.

அதற்கு முன்னிருந்த மலாய் ஹிகாயத்துகள் பெரும்பாலும் மன்னர்களையும் வீரர்களையும் பாடின. அப்துல்லா 'நான்' என்று தொடங்கினார். தாம் கண்ணால் கண்ட மனிதர்களையும், மலாக்காக் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதையும், சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் கிடந்த எழுத்துப் பொறித்த பாறையையும், ஊர் வழக்கங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து விவரித்தார். இந்த விவரிக்கும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? ஊருக்குள்ளேயே வாழ்கின்றவன் வழக்கங்களை விளக்குவதில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை. அந்நியருக்கு மொழி கற்பிப்பவனோ ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னாலுள்ள வழக்கத்தை விளக்கியே ஆக வேண்டும். அப்துல்லா ஆண்டுக்கணக்காகச் செய்த வேலை அதுதான். வகுப்பறையில் பழகிய கண்ணே அவருடைய உரைநடையாயிற்று என்று நாம் நினைக்கிறோம்.

அதே கண்ணில் ஒரு குறையும் இருந்தது. யாருக்கு விளக்குகிறோமோ அவர்களுடைய மதிப்பீடுகள் மெல்ல நமக்குள் புகுந்துவிடுகின்றன. அப்துல்லா ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார், மலாய் ஆட்சியாளர்களை வெளியாரின் கண்கொண்டு சாடினார் என்ற குற்றச்சாட்டு மலாய்த் திறனாய்வாளரிடையே உண்டு. அதைத் தவறென்று ஒதுக்கிவிட இயலாது. அவரை நூல் எழுதச் சொன்னவரும், அவருக்கு ஊதியம் தந்தவர்களும், அவர் யாரிடம் அச்சுத்தொழில் கற்றாரோ அவர்களும் ஒரே தரப்பினர். இன்று ஆங்கில வாசகரை மனத்தில் வைத்துத் தீபாவளியையும் தைப்பூசத்தையும் 'விளக்கி' எழுதும் இளையருக்கும் இந்த வழுக்குநிலம் அருகிலேயே இருக்கிறது.

மேடானில் ஒரு பெட்டியடிப் பையன்

அப்துல்லாவுக்கு நேர் எதிரான பாதையில் சென்றவர் ப. சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்த இவர், 1938இல் சுமத்திராவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்காக வந்தார். அக்காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் சுமத்திராவிலும் இயங்கிய லேவாதேவிக் கடைகளுக்கென்று தனி உலகம் இருந்தது. கடைகள் கூட்டாக அமைந்த கட்டடம் கிட்டங்கி. கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற படிநிலை. தெருவில் இறங்கினால் டச்சுப் பெயர்கள், மலாய்ப் பேச்சு, சீனர் கடைகள். பின்னர் அவர் பொதுப்பணித் துறையிலும் வேலை பார்த்தார். ஜப்பானியர் வந்தனர். போர்க்காலத்தில் மேடானிலேயே அவர் மனைவியும் பிறந்த குழந்தையும் இறந்தனர். 1946இல் தமிழகம் திரும்பினார். மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் சேர்ந்து, 40 ஆண்டுக்காலம் அங்கேயே பணியாற்றினார். விடுதி அறையொன்றில் தனியே வாழ்ந்து 1997இல் மறைந்தார்.

அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். முதலாவதான 'கடலுக்கு அப்பால்' 1950இல் எழுதப்பட்டது. பதிப்பாளர் கிடைக்காமல், 'கலைமகள்' நாவல் போட்டியில் பரிசு பெற்ற பிறகே 1959இல் நூலாயிற்று. இரண்டாவதான 'புயலிலே ஒரு தோணி'யை 1962 வாக்கில் எழுதி முடித்தார். அது அச்சேறியது 1972இல். இடையில் பத்தாண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாக அதை மதிக்காத திறனாய்வாளர் அரியர்.

தயக்கத்துக்குக் காரணம் என்னவாக இருந்திருக்கும்? நாவலைத் திறந்தால் ஓரளவு புரியும். மேடானும் பினாங்கும் தம் தெருப்பெயர்களோடும் மலாய்ச் சொற்களோடும் கடைப்பேச்சோடும் அப்படியே எழுந்து வருகின்றன. மதுரை வாசகருக்காக ஆசிரியர் நின்று விளக்குவதில்லை. கப்பலில் வந்து இறங்கிய புதிய ஆளைத் தெருவில் விட்டதுபோல் வாசகரை விட்டுவிடுகிறார். இரண்டு பக்கம் நடந்த பின் தெரு பழகிவிடுகிறது. அவர் எழுத நினைத்த வாசகர் யார் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாகவும் வருத்தமாகவும் இருக்கிறது. விளக்கமே தேவைப்படாத அந்த வாசகர்கள், அதாவது போர்க்கால மேடானிலும் பினாங்கிலும் வட்டிக்கடைகளில் இருந்த தமிழர்கள், நூல் வெளிவந்தபோது பெரும்பாலும் கலைந்து போயிருந்தனர். உயிருடன் இருந்தோரிலும் நாவல் படிப்போர் மிகச் சிலர். அவர் இல்லாமற்போன ஒரு தெருவுக்காக எழுதினார்.

மொழியை மாற்றாமல் ஊரை மாற்றிய எழுத்தாளரின் நிலை இது. தமிழில்தான் எழுதினார்; தமிழகத்தில்தான் அச்சிட்டார்; எனினும் அந்நியமாயிருந்தார். எனவே "தமிழில் எழுதினால் தமிழர் எல்லாரும் வாசகர்" என்ற எண்ணத்தை நாம் மாணவர்க்கு ஊட்டுவது சரியன்று. தோட்டப்புற லயத்தையும் பெரட்டுக் களத்தையும் பால்மரக் காட்டையும் எழுதிய மலேசிய எழுத்தாளர்கள் இதே சுவரில் முட்டிக்கொண்டவர்களே. 'கித்தா' என்றால் என்னவென்று அடிக்குறிப்புப் போடச் சொல்லும் குரல் எப்போதும் ஒன்று இருக்கும். போடுவதும் போடாததும் எழுத்தாளரின் உரிமை. ஆனால் போடும்போது யாருக்காகப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

பீடோங்கில் ஒரு சலவைத் தொழிலாளியின் மகன்

கே. எஸ். மணியம் 1942இல் கெடா மாநிலத்தின் பீடோங்கில் பிறந்தார். தந்தையார் மருத்துவமனையில் சலவைத் தொழிலாளி. சிறிது காலம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு ஆங்கிலப் பள்ளிக்கு மாறினார். 1962 முதல் 1964 வரை இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே நெடுங்காலம் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். 1981இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்' அவருடைய முதல் நாவல்.

அந்நாவலின் பாட்டி, கடல் கடந்து வந்து, துணி விற்று, வீடு அமைத்து, அந்த நிலம் தம்முடையதன்று என்று பின்னர் அறிகிறார். அவர் பெயரை மணியம் மொழிபெயர்க்கவில்லை. 'பெரியதாய்' என்றே ஆங்கில எழுத்தில் விட்டுவிட்டார். அப்துல்லாவின் பெரியாச்சி மலாயில் இருப்பதுபோல் இந்தப் பெரியதாய் ஆங்கிலத்தில் இருக்கிறார். கதைசொல்லும் பேரன் ரவி தமிழ் வகுப்பிலிருந்து ஆங்கில வகுப்புக்குப் போகிறான்; அங்கே தான் பார்த்திராத நாட்டின் சிறுவர் கதைகளைக் கேட்கிறான்; அந்த மொழியில் தேர்ந்து முன்னேறுகிறான். அவன் தந்தையோ நிலத்துக்கு உரிமை தேடித் தேடி மனம் பேதலிக்கிறார். இறுதியில் அவர் வாயில் வருவது பல மொழிகள் சிதைந்து கலந்த ஒரு பேச்சு. மகனுக்கு ஒரு மொழி வாய்த்தது. தந்தைக்கு எதுவும் வாய்க்கவில்லை. பல மொழிச் சூழலைக் கொண்டாட்டமாக மட்டுமே பேசும் மேடைகளில் இந்தத் தந்தையையும் நினைக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதியதால் மணியத்துக்கு உலக வாசகர் கிடைத்தனர். பல்கலைக்கழகங்கள் அவரைப் பாடமாக வைத்தன. உள்நாட்டில் நிலை வேறு. 1971க்குப் பின் மலேசியாவில் மலாய் மொழியில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம் எனவும், பிற மொழி எழுத்துகள் பகுதிநிலை இலக்கியம் எனவும் வகுக்கப்பட்டன. தமிழில் எழுதியோரும் ஆங்கிலத்தில் எழுதிய மணியமும் அந்த வகையில் ஒரே வரிசையில்தான் நின்றனர். அதைவிட வேதனை வேறொன்று. அவர் எழுதிய பெரியதாய்கள் அவர் நூலைப் படிக்க இயலாது. நம் மாணவரில் ஆங்கிலத்தில் எழுத விழைவோரை நாம் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் தம் பாட்டியைப் பற்றித் தம் பாட்டி படிக்க முடியாத மொழியில் எழுதுகிறோம் என்ற உணர்வோடு எழுதச் சொல்லலாம். அந்த உணர்வு எழுத்தை மாற்றும்.

பிழைப்பும் எழுத்தும்

இனி அந்த முதல் கேள்வி. நாம் கண்ட மூவரில் எவரும் நூல் விற்ற பணத்தில் வாழவில்லை. ஒருவர் மொழியாசிரியர், ஒருவர் நாளிதழ் ஊழியர், ஒருவர் விரிவுரையாளர். சிங்கப்பூரில் புதுமைதாசன் என்னும் பி. கிருஷ்ணன் வானொலியில் பணியாற்றினார். இவர் 2008இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். மக்கள் அடுக்குமாடி வீடுகளில் வாழப் பழகிக்கொண்டிருந்த காலத்தில் அவர் எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' நாடகத் தொடர் வானொலியில் ஒலித்தது. கேட்டவர்கள் அதே மின்தூக்கியில் ஏறி இறங்கியவர்கள். அவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியரின் மெக்பெத்தையும் அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார். அங்கே விளக்கம் வேண்டியிருந்தது. இரண்டு கைப்பழக்கமும் ஒரே மனிதரிடம் இருந்தன.

ஆகவே மாணவர் தேட வேண்டியது மொழியோடு உறவுடைய பிழைப்பு ஒன்றையே. கற்பித்தல், மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்பு, செய்தித்துறை, ஒலி-ஒளிபரப்பு ஆகிய அனைத்தும் இங்கே உள்ளன. இவற்றுள் மொழிபெயர்ப்பையே நாம் முதலில் பரிந்துரைப்போம். ஒரு சொல்லை விளக்கலாமா, அப்படியே விடலாமா, வேறு சொல்லால் ஈடுசெய்யலாமா என்ற முடிவை மொழிபெயர்ப்பாளர் நாளொன்றுக்கு நூறு முறை எடுக்கிறார். கதை எழுதுவோர்க்கு இதைவிட நல்ல பயிற்சி வகுப்பு கிடையாது. ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இத்தகைய வேலைகள் எழுதும் நேரத்தைத் தின்றுவிடும். சிங்காரத்துக்கு 40 ஆண்டு நாளிதழ்ப் பணி, இரண்டு நாவல்கள்.

வகுப்பறைக்கு ஒரு சிறு முறையைச் சொல்லலாம். நாம் நடத்தும் பயிலரங்குகளில் இது பலன் தந்துள்ளது. மாணவர் தம் கதையை இருவரை எண்ணிக்கொண்டு இருமுறை வாசிக்க வேண்டும். ஒருவர், அதே புளோக்கிலோ அதே தாமானிலோ குடியிருக்கும் அண்டைவீட்டார். மற்றவர், நேற்று இந்த ஊருக்கு வந்திறங்கிய தமிழர். முதலாமவருக்குச் சலிப்பூட்டும் விளக்கங்களை அடித்துவிட வேண்டும். இரண்டாமவர் தடுக்கி விழும் இடத்தில், அடிக்குறிப்புக்குப் பதிலாகக் கதாபாத்திரத்தின் செயல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். காப்பிக்கடையில் 'கோப்பி ஓ' என்று கேட்டவர் முன் பாலில்லாத காப்பி வந்து வைக்கப்பட்டால் போதும், விளக்கம் முடிந்தது. அதே சமயம், உரையாடலுக்கு உள்ளூர் வாசம் சேர்க்க வரிக்கு ஒரு 'லா' தூவுவதை நாம் ஏற்பதில்லை. அது திண்ணையைப் போன்றதே. கேட்டு எழுதியதன்று, இருக்க வேண்டுமென்று நினைத்து வைத்தது.

திண்ணையில் தாத்தாவை அமர்த்திய மாணவரிடமும் இதையே செய்யச் சொன்னோம். இரு வாரங்களில் கதை திரும்பி வந்தது. திண்ணை போயிருந்தது, வெற்றிலையும் போயிருந்தது. தாத்தா வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு தட்டோடு நிற்கிறார். பக்கத்து வீட்டு மலாய் அம்மையார் முந்திய நாள் குவே வைத்துக் கொடுத்த தட்டு அது. கழுவித் துடைத்தாயிற்று. உள்ளே மருமகள் வேலைக்குப் போய்விட்டார். அடுப்படியில் ஒன்றும் இல்லை. தாத்தா கதவைத் தட்டப் போகிறார், கையை இழுத்துக்கொள்கிறார், மீண்டும் உள்ளே போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்கிறார். கடைசியில் மூன்று வாழைப்பழங்களைத் தட்டில் அடுக்குகிறார். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற வாசகம் கதையில் எங்கும் இல்லை.